காணாக்கடி

சேர்வராயன் மலையில் தனக்குத் தெரியாத பூச்சி கிடையாது என்பது ஜீவானந்தத்தின் நம்பிக்கை. மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் அவருக்கு ரைட்டர் வேலை. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, கூலி போடுவது, மூட்டை நிறுப்பது எல்லாம் அந்த வேலையில் சேர்ந்தவைதான். ஆனால் அவர் மனம் லயித்தது பூச்சிகளிடம். தண்டைக் குடைகிற வண்டு, காயைத் துளைக்கிற வண்டு, இலைக்கு அடியில் ஒட்டிக்கொள்கிற மாவுப்பூச்சி என்று ஒவ்வொன்றின் குணத்தையும் சொந்தக்காரர்களின் குணத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். சொந்தக்காரர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு விவரம் தெரியாது.

அதனால் மாசி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் மனைவி சசிகலாவின் கையில் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்தபோது அவர் பதறவில்லை. கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காணாக்கடி என்றார்.

கண்ணுக்குத் தெரியாமல் எதுவோ கடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். தடிப்பு இருக்கும், அரிப்பு இருக்கும், கடித்தது மட்டும் இருக்காது. மற்றவர்கள் பேர் வைத்ததோடு விட்டுவிடுவார்கள். ஜீவானந்தத்தால் அப்படி விட முடியவில்லை. கடி என்று ஒன்று இருந்தால் கடித்தது என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். மறுநாள் காலையில் தடிப்பு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. சாயங்காலம் வயிற்றிலும் தொடையிலும் புதிதாக வந்தது. இடம் மாறிக் கடிக்கிற பூச்சி என்று அவர் குறித்துக்கொண்டார்.

முதலில் மெத்தை வெயிலுக்குப் போனது. அப்புறம் கட்டிலைப் பிரித்துக் கால்களுக்கு மண்ணெண்ணெய் தடவினார். நொச்சி இலையைப் போட்டு வீடு முழுக்கப் புகை போட்டதில் இரண்டு பேரும் இருமினார்கள், தடிப்பு குறையவில்லை. வீட்டை ஒட்டி நின்ற கொய்யாக் கிளையை வெட்டினார். கடைசியில், காய்வண்டைப் பிடிக்கத் தோட்டத்தில் தொங்கவிடுகிற சிவப்புப் பொறிகளில் இரண்டைக் கொண்டுவந்து படுக்கைக்கு மேலே கட்டினார். அதில் சில பழ ஈக்களும், ஒரு கரப்பான் குஞ்சும், வழி தவறிய ஒரு காய்வண்டும் விழுந்தன. காய்வண்டைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. அந்தக் கவலை எஸ்டேட்டைப் பற்றியது.

அதே கட்டிலில் படுக்கிற அவரை எதுவும் கடிக்கவில்லை. பூச்சிக்கும் ருசி பேதம் இருக்கும் என்று பக்கத்து வீட்டுக் குப்பாயி சொன்னாள். குப்பாயி அந்த எஸ்டேட்டிலேயே காப்பிப் பழம் பறிக்கிறவள். கைவைத்தியம் தெரிந்தவள். வெற்றிலையில் மிளகு வைத்து வெறும் வயிற்றில் மெல்லச் சொன்னாள். கம்பளியால் தேய்த்துவிட்டாள், தோல் இன்னும் சிவந்தது. சிறியாநங்கை இலையைத் தின்னக் கொடுத்து, கசக்கிறதா என்று கேட்டாள். உடம்பில் விஷம் இருந்தால் கசக்காதாம். சசிகலாவுக்கு நன்றாகவே கசந்தது. விஷமில்லை என்று முடிவானது. ஆனால் அரிப்பு இருந்தது.

சசிகலா இதையெல்லாம் பொறுமையாக ஏற்றுக்கொண்டாள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். எதற்கும் சத்தம் போடுகிற ஆளில்லை. ஒருமுறை கொதிக்கிற சாம்பார் அண்டா சரிந்து காலில் கொட்டியபோதுகூட, முதலில் மிச்ச சாம்பார் பிள்ளைகளுக்குக் காணுமா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இரும்பு மனுஷி என்று அவளுக்குப் பேர்.

அந்தப் பேர் ஐப்பசியில் உறுதிப்பட்டிருந்தது. அவர்களுடைய ஒரே மகள் கவிப்பிரியா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, பிளேட்லெட் இறங்கி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் கிடந்தாள். ஜீவானந்தம் ரத்தம் கொடுக்க ஆள் தேடி மலைக்கும் சேலத்துக்குமாக அலைந்தார். சசிகலா வராந்தாவில் ஒரு ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். பக்கத்துப் படுக்கைக்காரர்களின் சொந்தங்கள் அழுதபோது அவர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். தான் அழவில்லை. மகள் பிழைத்தாள், வீட்டுக்கு வந்தாள், தேறினாள், பொங்கல் கழிந்து கல்லூரிக்கும் திரும்பிப் போனாள். நேர்ந்துகொண்டபடி சேர்வராயன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாயிற்று. ஜீவானந்தத்தைப் பொறுத்தவரை அது கணக்கு முடித்த விஷயம்.

அதற்குப் பிறகு சசிகலா மகளுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போன் செய்தாள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று, இடையில் தோன்றும்போதெல்லாம் ஒன்று. கேட்பது மூன்றுதான். சாப்பிட்டாயா, உடம்பு சுடுகிறதா, கொசுவலை கட்டினாயா. கவிப்பிரியா முதலில் மூன்றுக்கும் பதில் சொன்னாள். அப்புறம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக உம் என்றாள். அப்புறம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

போனுக்கும் தடிப்புக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தது ஜீவானந்தம்தான். பூச்சி வருகிற நேரத்தைக் கவனிப்பது அவர் தொழில். தடிப்பு வருவதற்கு முன்னால் சசிகலாவின் கையில் பெரும்பாலும் போன் இருக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் எடுக்கவில்லை, அப்போது வருகிறது. இவ்வளவையும் சரியாகப் பார்த்துவிட்டு, போனுக்குப் போட்டிருந்த பச்சை ரப்பர் உறைதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். சிலருக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளாது. உறையைத் தூக்கி எறிந்துவிட்டுத் துணிப்பை தைக்கச் சொன்னார். அந்த வாரம் தடிப்பு வரவில்லை. தன் கண்டுபிடிப்பை எஸ்டேட் ஆபீசில் எல்லாரிடமும் சொன்னார். அந்த வாரம் கவிப்பிரியா லீவுக்கு வீட்டில் இருந்தாள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் பஸ் ஏறிப் போன அன்றே, துணிப்பை இருக்கும்போதே, தடிப்பு வந்தது.

எஸ்டேட் முதலாளி காப்பிப் பூ மணத்தால்தான் இது என்றார். காப்பி அப்போது இன்னும் பூக்கவே இல்லை. ஆனால் முதலாளி சொன்னதால் ஜீவானந்தம் அதையும் யோசித்துப் பார்த்தார். அப்புறம்தான் டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது.

ஏற்காட்டில் சனிக்கிழமைதோறும் தோல் டாக்டர் ஒருவர் வந்து பார்ப்பார். ஜெஸ்லின் என்று பேர், நடுத்தர வயது. ஜீவானந்தம் பிடித்துவைத்திருந்த பழ ஈக்களை ஒரு தீப்பெட்டியில் கொண்டுபோயிருந்தார். டாக்டர் தீப்பெட்டியைத் திறந்து மரியாதையாகப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். பிறகு சசிகலாவின் கையில் பேனா மூடியால் லேசாக ஒரு கோடு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு வரப்புப்போலத் தடித்து எழுந்தது. பேனா கடிக்காது என்பது ஜீவானந்தத்துக்கும் தெரியும்.

கடிக்கிறது எதுவும் வெளியில் இல்லை என்று டாக்டர் விளக்கினார். நோயோடு சண்டை போடுவதற்கென்று உடம்பில் ஒரு படை இருக்கிறது. இல்லாத எதிரியைப் பார்த்து அது கிளம்புகிறது, அப்போது தோல் தடிக்கிறது. எதிர்ப்பு சக்தி என்ற சொல் கொரோனா காலத்திலிருந்தே ஜீவானந்தத்துக்குப் பழக்கம். அதற்காகத்தான் தினமும் நெல்லிக்காய்ச் சாறும் கஷாயமும் கொடுத்துவருவதாகச் சொன்னார்.

“குறைச்சலா இருக்கறவங்களுக்குக் குடுக்கலாங்க” என்றார் ஜெஸ்லின். “இவங்களுக்கு அது குறையல. தேவையில்லாம வேலை பாக்குது.”

போன வருஷம் காட்டெருமை புகுந்து நாற்றங்காலை மிதித்த பிறகு, எஸ்டேட் காவல்காரன் இலை அசைந்தாலும் தகரத்தைத் தட்டி எல்லாரையும் எழுப்பிவிட்டது ஜீவானந்தத்துக்கு ஞாபகம் வந்தது. அப்படியா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் டாக்டர். பிறகு சசிகலாவைப் பார்த்து, இந்த ஆறு மாதத்தில் வீட்டில் ஏதாவது பெரிய கஷ்டம் நடந்ததா என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்.”

ஜீவானந்தம் ஒரு விவரத்துக்காக மகளுக்கு டெங்கு வந்ததைச் சொன்னார். அது சரியாகிவிட்டது, கோயிலுக்கும் செய்தாயிற்று என்றும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். மனசுதான் இதற்குக் காரணம் என்று தான் சொல்லவில்லை, ஆனால் பயமும் கவலையும் இந்தப் படையைக் கிளப்பிவிடும், அரிப்பால் தூக்கம் கெட்டால் மனசு இன்னும் சோர்ந்துபோகும், இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகும் என்றார். மாத்திரை எழுதினார். கூடவே சேலத்தில் அமலி என்று ஒருவர் இருக்கிறார், மனநல ஆலோசனை சொல்பவர், ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்து ஏரிப் பக்கம் நடந்தார்கள்.

“ஏனுங்க, அரிப்புன்னு வந்தா பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கச் சொல்றாங்க” என்றாள் சசிகலா.

ஜீவானந்தத்துக்கும் அந்த டாக்டர் மேல் மனத்தாங்கல்தான். தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே. சேலத்துக்குப் போவதில்லை என்று இரண்டு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அந்த ஆறு மாதத்தில் அவர்கள் சேர்ந்து எடுத்த ஒரே முடிவு அதுதான்.

மாத்திரை கேட்டது. தூக்கமும் சேர்ந்து வந்தது. சசிகலா சத்துணவுச் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். தடிப்பு வராத நாட்கள் வந்தன. மாத்திரையை ஒருநாள் விட்டால் மறுநாளே திரும்பி வந்தது. ஆனாலும் இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்கள்.

சித்திரையில் கவிப்பிரியா கல்லூரியிலிருந்து சுற்றுலா போனாள். போகிற இடத்தில் டவர் இருக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னது சசிகலாவுக்கு ஞாபகமும் இருந்தது. இருந்தாலும் மத்தியானம் வீட்டில் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதில் வந்தது. மறுபடியும் போட்டாள். அதே பதில். குப்பாயி மூச்சிரைக்க எஸ்டேட் ஆபீசுக்கு ஓடிவந்து ஜீவானந்தத்தைக் கூப்பிட்டாள். அவர் வீட்டுக்கு வந்து பார்த்தபோது சசிகலாவின் உதடு இரண்டும் வீங்கி, ஒரு கண் முழுவதும் மூடிப்போயிருந்தது. தொண்டை அடைக்கிறாற்போல இருக்கிறது என்று சைகையில் காட்டினாள். கையில் போன் இருந்தது.

ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்ற ஜீப்பில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பில் இருந்தவர்கள் யாரும் நடுவில் இறங்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். தேனீயா குளவியா என்று வழி முழுக்க விவாதம் நடந்தது. ஜீவானந்தம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூச்சி விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டார்கள். படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கவிப்பிரியாதான். பஸ் டவர் உள்ள இடத்துக்கு வந்ததும், தவறிய அழைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்துபோய்க் கூப்பிட்டிருந்தாள். சசிகலா போனை வாங்கி, வீங்கிய உதட்டோடு, சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்டாள். அது அந்தப் பக்கம் வேறு ஏதோபோலக் கேட்டது. யாரோ குடித்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று நினைத்து மகள் போனை வைத்துவிட்டாள். ஜீவானந்தம் வெளியே போய்த் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது சசிகலாவின் மூடிய கண் லேசாகத் திறந்திருந்தது. ஊசி வேலை செய்ததா, மகளின் குரல் வேலை செய்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஊசிதான் என்றார் நர்ஸ்.

சேலத்துக்குப் போகலாம் என்று அன்று சொன்னதும் அவர்தான். சசிகலா மறுக்கவில்லை.

குப்பனூர் வழியாக இறங்குகிற பஸ்ஸில் போனார்கள். அமலியின் அறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி, மேஜையில் ஒரு டிஷ்யூ பெட்டி. அமலி நாற்பது வயதுக்காரர். காட்டன் புடவை, நிதானமான குரல். ஜீவானந்தம் வெளியே உட்காருவதாக இருந்தார். இவரும் இருக்கட்டும் என்று சசிகலா சொல்லிவிட்டாள். தனியாக விட்டால் அமலி என்ன செய்வாரோ என்று அவளுக்குப் பயம்.

முதலில் சசிகலா சத்துணவுப் பட்டியல் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தாள். மகளுக்கு ஐப்பசியில் காய்ச்சல், ஆஸ்பத்திரி, பிளேட்லெட் இறங்கியது, ஏறியது, வீடு, கோயில். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அமலி எதையும் எழுதவில்லை. கேட்டு முடித்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரியில் இருந்தபோது எந்த நேரம் உங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது என்று மட்டும் கேட்டார்.

சசிகலா புடவைத் தலைப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கணவரைப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள்.

“இவரு ரத்தம் குடுக்க ஆளுங்கள கூட்டியாற மலைக்குப் போயிருந்தாருங்க. அப்ப நர்ஸம்மா வந்து, உள்ள வந்து ஒருக்கா புள்ளயப் பாத்துக்கங்கம்மான்னாங்க. ஏன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிருவாங்களே. உள்ள போனேன். ரெண்டு கையிலயும் ஊசி, மூஞ்சியில மூடி. தொடறதுக்கு எடமில்ல. காலப் புடிச்சிட்டு நின்னேன். சில்லுனு இருந்துச்சு. சரி, அவ்வளவுதான்னு நெனச்சுட்டேங்க.”

தலைப்பு நூலை விரலில் சுற்றினாள்.

“நெனச்சதோட உடலீங்க. ஊட்டுக்கு எப்பிடிக் கொண்டு போறது, வண்டி மேல வருமா, மழையா இருக்குதேன்னு நெனச்சேன். எந்தத் துணி போடறதுன்னு நெனச்சேன். மஞ்சச் சுடிதாரு ஒண்ணு பீரோவுல புதுசா இருக்குது, அதப் போட்டுறலாம்னு வரைக்கும் முடிவு பண்ணிட்டேன். அப்பறம் டாக்டரு வந்து வெளிய இருக்கச் சொன்னாரு. பொழுதிறங்க, பரவால்லீங்க, ஏறுதுன்னாங்க.”

“இவர்கிட்ட சொன்னீங்களா?”

“இவரு நாலு ஆளுங்களோட வந்து நின்னாரு. கையில வாழப்பழம். எப்பிடி இருக்கான்னு கேட்டாரு. நல்லாருக்காங்கன்னேன். அது நெசந்தானுங்களே. அப்ப நல்லாத்தான் இருந்தா. பழம் ஒண்ணு குடுத்தாரு, தின்னேன்.”

முதலில் அழுதது ஜீவானந்தம்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வாழைப்பழம் வாங்கியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் சீப்பு சீப்பாகப் பார்த்து, கன்னிப்போகாததாக ஒன்றைப் பொறுக்கி, விலையும் பேசியிருந்தார். அந்த நேரம் இவள் அங்கே நின்று எதை யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அமலி, சசிகலாவின் பக்கம் வைத்திருந்த டிஷ்யூ பெட்டியை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். சசிகலா அவரைக் கொஞ்சம் சங்கடத்தோடு பார்த்தாள், பொது இடத்தில் சட்டையைக் கழற்றியவரைப் பார்ப்பதுபோல. அப்புறம் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

ஆபத்து போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் உடம்பு அதை இன்னும் நம்பவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை நம்பவைக்க வேண்டும் என்று அமலி சொன்னார். உடம்புக்குத் தனியாகக் காது இருக்கிறதா என்று சசிகலா கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். காது இல்லை, ஆனால் மூச்சு மெதுவாக ஓடினால் அதற்குத் தெரியும் என்று அமலி மூச்சு விடுவதில் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மகளுக்குச் சாயங்காலம் ஒரே ஒரு போன் என்று முடிவானது. மற்ற நேரத்தில் கை போனுக்குப் போனால், போகட்டும், எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள் என்றார். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. முடிந்தால் இதை மகளிடமும் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு சசிகலா தலையாட்டவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் சசிகலா. பஸ் மலை ஏறத் தொடங்கியதும் ஜீவானந்தம் அவள் பக்கம் திரும்பினார்.

“என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல.”

“நீங்க பழம் வாங்கிட்டு வந்தீங்க” என்றாள் அவள். “நொம்ப நல்ல பழம்.”

  பக்கத்தில் மலைச்சரிவு இறங்கிக்கொண்டே போனது. அவள் கொஞ்ச நேரத்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாத்திரைத் தூக்கம்தான்.

பரீட்சை முடிந்து கவிப்பிரியா வீட்டுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னது ஜீவானந்தம். சொல்லிவிடுகிறேன் என்று சசிகலாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். சசிகலா அடுப்பு மேடையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். ஐ.சி.யு., சில்லிட்ட கால், மழை, வண்டி எல்லாம் சொல்லி மஞ்சள் சுடிதாருக்கு வந்தார். அதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுச் சொல்லிவிட்டார்.

 கவிப்பிரியா எழுந்து சமையல் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“எனக்கு அங்க நடந்தது எதும் ஞாபகமில்லம்மா. ஐஸ் தண்ணி கேட்டேன், குடுக்கல. அதான் ஞாபகம்.” ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, “அந்த மஞ்சச் சுடிதார் எனக்குப் புடிக்கவே புடிக்காது. அத்தை எடுத்துக் குடுத்தாங்கன்னு வெச்சிருக்கேன். அதையா போட்டு அனுப்பறதுக்கு நெனச்ச?” என்றாள்.

சசிகலா திரும்பினாள். சிரித்தாள். கையில் வெங்காயத்தோடு நின்றபடியே சிரித்தாள், சிரிப்பு நிற்கவில்லை, எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று ஜீவானந்தத்தால் சொல்ல முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, மகளையும் இழுத்து உட்காரவைத்து, அவள் மடியில் தலையை வைத்து, வாய்விட்டு அழுதாள். ஐப்பசி மாதத்து அழுகை வைகாசியில் வந்தது. சத்தம் கேட்டுக் குப்பாயி ஓடிவந்து, செத்தது யார் என்று கேட்டாள். யாருமில்லை என்றார் ஜீவானந்தம். குப்பாயி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்து, உயிரோடு இருக்கிறவர்களை எண்ணிச் சரிபார்த்துவிட்டுப் போனாள். அன்று ரசம் வைக்கவில்லை. மகள் உப்புமா கிண்டினாள், அதில் உப்பு இல்லை, யாரும் குறை சொல்லவில்லை.

அதோடு எல்லாம் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். அந்த வாரமே இரண்டு நாள் தடிப்பு வந்தது. மாதம் ஒருமுறை அமலியிடம் போனார்கள், ஜீவானந்தமும் கூடவே உள்ளே உட்கார்ந்தார். தனக்கு ஒன்றுமில்லை, துணைக்குத்தான் வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு உட்காருவார். ஜெஸ்லின் டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்துப் பார்த்து, மறுபடி கூட்டி, மறுபடி குறைத்தார். இது முழுதாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம், போன பிறகு ஒருநாள் எட்டியும் பார்க்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். தடிப்பு வந்தால் சசிகலா இப்போது பயப்படுவதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்பாள். சில நேரம் பிடிபடும். சில நேரம் ஒன்றும் பிடிபடாது. வெறும் அரிப்பாகவே இருக்கும்.

ஆடி மழை வலுத்திருந்த ஒரு காலையில் கவிப்பிரியாவே போன் செய்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல் அடிக்கிறது, ஹாஸ்டலில் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன் என்றாள். முன்பென்றால் மறைத்திருப்பாள். சசிகலா எவ்வளவு சுடுகிறது என்று கேட்டாள். தண்ணீர் நிறையக் குடி என்றாள். போனை வைத்தாள். மணிக்கட்டில் மட்டும் ஓரிடத்தில் சிவந்தது. அதைச் சொறியாமல், கண்ணை மூடி, அமலி சொன்ன மாதிரி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

ஜீவானந்தம் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் இறங்கினார்.

ஹாஸ்டல் வாசலில் பார்வையாளர் அறையில் நனைந்த குடையோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து மகள், அம்மா எங்கே என்று கேட்டாள். அம்மா வரவில்லை, வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். கவிப்பிரியா அதை நம்பாமல் வாசலுக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு மத்தியானம் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஜீவானந்தம் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவிக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னார்.  அந்தப் பக்கம் சசிகலா மூச்சை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. சரிங்க என்றாள். அரிசி மூட்டை இறக்க லாரி வந்து நிற்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

மழை விடுவதாக இல்லை. அப்பாவும் மகளும் ஒரு குடையில் நடந்து எதிர்க் கடைக்குப் போனார்கள். கவிப்பிரியாவுக்கு இட்லி சொல்லிவிட்டு, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார் ஜீவானந்தம். இட்லி வந்ததும் அவருக்கும் பசித்தது. இன்னொரு தட்டுக் கொண்டுவரச் சொன்னார்.